நெட்டைக்குக் குரல் கொடுத்தவர்

அந்தச் சலவைக் கடையில் டிவி உண்டு, சத்தம் கிடையாது. வருஷக்கணக்காக நீராவியைக் குடித்துக் குடித்து அதன் ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது. படம் மட்டும் பளிச்சென்று வரும். ஆட்கள் வாயைத் திறப்பார்கள், மூடுவார்கள், கோபப்படுவார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு முனகல்கூட வெளியே வராது. ரிப்பேருக்குக் கொடுக்கலாமே என்று யாராவது வாயெடுத்தால், முதலாளியம்மா, "படம் தெரியுதுல்ல? அப்புறம் என்ன?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவார்.

மதியம் இரண்டு மணிக்கு பாய்லரை அணைப்பார்கள். உஸ்ஸென்ற இரைச்சல் அடங்கியதும் கடையே மூச்சு விடுவது மாதிரி இருக்கும். பின்பக்க அறையில், பாலித்தீன் உறை போட்டு வரிசையாகத் தொங்கும் கோட்டுகளுக்கு அடியில், அழுக்குத் துணி மூட்டைகளை நாற்காலியாக்கிக்கொண்டு முதலாளியம்மாவையும் சேர்த்துக் கடையின் நாலு பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். அதே நேரத்துக்கு டிவியில் 'குடை கம்பெனி' தொடங்கும்.

எடுத்து முடித்து எத்தனையோ காலமான நகைச்சுவைத் தொடர் அது. கடைசி பாகம் முடிந்த மறுநாளே சேனல்காரர்கள் கூச்சமில்லாமல் முதல் பாகத்திலிருந்து திரும்பவும் போடுவார்கள். குடை தயாரித்து விற்கிற ஓர் ஆபீஸ்தான் கதை நடக்கும் இடம். ஆனால் அங்கே யாரும் ஒரு குடை விற்று இந்த நாலு பேரும் பார்த்ததில்லை. நாள் முழுக்கச் சண்டை, சமாதானம், பிறந்தநாள் கேக், ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று பெருமூச்சு. சம்பளம் கொடுத்து அப்படி ஓர் ஆபீஸை நடத்துகிறவன் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

ஸ்பீக்கர் செத்த பிறகுதான் அந்தச் சேனலில் இந்தத் தொடர் வர ஆரம்பித்தது. அது வந்த முதல் நாளே, துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேன்காரர்தான் முதலில் ஆரம்பித்தார். திரையில் சொட்டைத் தலை மேனேஜர் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். வேன்காரர் வாயில் ரொட்டியோடு, "என் சீப்பை எடுத்தது யாரு? உண்மையைச் சொல்லிடுங்க!" என்று குரல் கொடுத்தார். சொட்டையின் வாயசைப்புக்கு அது அச்சாகப் பொருந்தியது. சிரித்த சிரிப்பில் முதலாளியம்மாவுக்குப் புரையேறி, தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஆளுக்கு ஒரு வாய். திரையில் உதடு அசைந்தால் அதற்குரியவர் ஏதாவது பேசியே தீர வேண்டும். நிஜ வசனம் என்ன என்று ஃபோனில்கூட யாரும் போட்டுக் கேட்கக் கூடாது. ஒருமுறை வேன்காரர் ஆசையை அடக்க முடியாமல் ஃபோனை எடுத்தபோது, மூவரும் சேர்ந்து அவரைத் தெருவரை துரத்தினார்கள்.

சொட்டை மேனேஜருக்கு முதலாளியம்மா குரல் கொடுத்தார். ஒத்திகையே தேவைப்படவில்லை. சொல்லப்போனால் கடை நிர்வாகம் பாதி அதிலேயே நடந்தது. "நேத்து நீலச் சட்டையில பட்டனை உடைச்சது யாரு?" என்று சொட்டை திரையில் உறுமும், இங்கே ஒருத்தர் தலை குனிவார். மீசைக்காரன் ஒருத்தன் அடிக்கடி ஆபீஸுக்கு வந்து கணக்குப் பெண்ணின் மேசையருகில் நிற்பான். பார்த்தாலே வில்லன் என்று தெரிந்ததால் அவனை வேன்காரரிடம் ஒப்படைத்திருந்தார்கள்; அவர் அவனுக்குக் கரகரவென்று ஓர் இருமலும் வைத்துக் கொடுத்திருந்தார். ஒருநாள் அந்த மீசை வாயால், "சார், எனக்கு வெள்ளிக்கிழமை லீவு வேணும்" என்று கேட்டார். "எடுத்துக்கோ" என்று சொட்டையும் தாராளமாகச் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை வராதவரை சனிக்கிழமை பிடித்து முதலாளியம்மா உலுக்கினார்.

"நீங்கதானேம்மா லீவு கொடுத்தீங்க?"

"நான் எப்பக் கொடுத்தேன்? சொட்டை கொடுத்தான். அவன்கிட்டயே போய்ச் சம்பளம் வாங்கிக்கோ."

மிச்சம் இருவர். கண்ணாடி போட்ட அந்தக் கணக்குப் பெண்ணும், குடைக்குப் படம் வரைகிற நெட்டையனும். கண்ணாடிக்குக் குரல் கொடுத்தவள் கறைக்காரி.

வெளியில் யாராவது ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட்டால் அறை விழும். இந்தக் கடைக்குள் அது பட்டம். காபி, மை, துரு, லிப்ஸ்டிக், வண்டி கிரீஸ் எதுவானாலும், துணியைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்து, எது வினிகருக்குப் போகும், எது உப்புக்குப் போகும் என்று சொல்லிவிடுவாள். கை எவ்வளவு சுறுசுறுப்போ வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. வாடிக்கையாளர் ஒருத்தர் "இது தானா வந்த கறை" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. யாரோடு, எங்கே, என்ன சாப்பிட்டபோது வந்தது என்று கறந்துவிடுவாள். கல்யாண வயது கடந்துவிட்டது என்று அக்கம்பக்கம் பேசிக்கொண்டது. அக்காவும் அத்தானும் இருக்கும் வீட்டில் மாடி அறை அவளுடையது.

நெட்டையன், வேறு ஆளில்லாததால், இஸ்திரியின் தலையில் விழுந்தான்.

இஸ்திரி போடுகிறவரை எல்லாரும் இஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். அவர் பேசுவதை எண்ணிவிடலாம்: "ம்", "சரி", அப்புறம் யாராவது பெட்டிக்கு அருகில் கை வைத்தால் "சூடு". "சட்டை பிரமாதம்" என்று வாடிக்கையாளர் பாராட்டினால், சட்டையிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். காலரின் உள்பக்கத்தில் தொடங்கி, தோள், கை, முதுகு என்று அவர் பெட்டியை ஓட்டுவதைப் பார்க்கக் கறைக்காரிக்குப் பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்து ஒருத்தி மயங்க முடியுமா என்ன? மயங்கியது நெட்டையன் பேசியபோதுதான்.

திரையில் அந்த உயரமான ஆள் வாயைத் திறந்தான் என்றால், இந்தப் பக்கத்திலிருந்து கனமான, நிதானமான, கேட்கக் கேட்க இதமான ஒரு குரல் வந்தது. இவருக்குள் இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது என்று முதல் நாள் வேன்காரர் மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நெட்டையன் கண்ணாடியின் மேசைக்கு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவான். பென்சில் கேட்டு வருவான், கொடுத்த பென்சிலைத் திருப்பிக் கொடுக்க வருவான். போகும்போது எதையோ மறந்துவிட்டேன் என்று திரும்பவும் வருவான். எழுதி வைக்காமலே அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு காதல் வளர்ந்தது. தொடர் புதுச் சுற்று தொடங்கும்போதெல்லாம் அதே காட்சிகள்தான் வந்தன. வசனம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் மாறியது. போன சுற்றில் பென்சிலைப் பற்றிப் பேசிய இடத்தில் இந்தச் சுற்றில் அவளுடைய சிரிப்பைப் பற்றிப் பேசினான்.

மழை பெய்த மறுநாள்தான் கறைக்காரிக்கு உறைத்தது. திரையில் நெட்டையன் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றான்.

"நேத்து நனைஞ்சுக்கிட்டே போனீங்க" என்றது இஸ்திரியின் குரல். "பஸ் ஸ்டாப் வரைக்கும் குடையோட பின்னாடியே வந்தேன். கூப்பிடத்தான் வாய் வரல."

கறைக்காரி மெல்லுவதை நிறுத்தினாள். திரையில் மழையே இல்லை. நேற்று நனைந்துகொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனவள் அவள்தான். இதற்குள் கண்ணாடியின் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. பேசியாக வேண்டும்.

"கூப்பிட வாய் வராத ஆளுக்குக் குடை எதுக்கு?" என்றாள்.

வேன்காரரும் முதலாளியம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இஸ்திரி தன் டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. பாகம் முடிந்து மற்ற இருவரும் எழுந்து போனதும் அவள் அவருடைய மேசைக்குப் போய் நின்றாள்.

"நேத்து மழையில நிஜமாவே பின்னாடி வந்தீங்களா?"

அவர் பெட்டியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், கடைசியில் அணைந்து கிடந்த டிவியைக் கையால் காட்டினார்.

"அது அவன் சொன்னது."

இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? அன்றிலிருந்து அவள் பாடு திண்டாட்டம்தான். இரண்டு மணி எப்போது அடிக்கும் என்று காலையிலிருந்தே காத்திருந்தாள். நெட்டையன் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோய்ப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "உங்க கையில வினிகர் வாசனை வந்தாத்தான் எனக்குக் காலையே விடியுது" என்று ஒருநாள் சொன்னான். கணக்கு எழுதுகிறவள் கையில் வினிகர் வாசனை எப்படி வரும்? தன் கையில்தான் அந்த வாசனை. இல்லை, சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாரோ? நேராகவே கேட்டுவிடலாம். கேட்டு, இன்னொரு தடவை "அது அவன் சொன்னது" என்று வந்துவிட்டால்? அப்புறம் எந்த முகத்தோடு அந்த மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிடுவது? ஊரிலுள்ள எல்லாக் கறைக்கும் மருந்து தெரிந்தவளுக்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தைரியம் இல்லை. பயந்தாள், அவ்வளவுதான்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். யாருக்கும் கெடு வைக்காமல் பேசத் தெரியாதவள். திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஆரம்பித்தாள்.

"எங்க ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் ஒருத்தர் இருக்காரு. தங்கமான மனுஷன். ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொல்லட்டுமா? இல்ல, நீ யாரையாவது மனசுல வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

அத்தான் பேப்பரைக் கீழே இறக்கினார்.

"அந்த ஆளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா.

"அவருதான் முதல்ல சொன்னாரு. ஆனா அவரு சொன்னாரா இல்லையான்னுதான் தெரியல."

"என்னடி உளர்றே?"

"அவரு டிவியில மட்டும்தான்க்கா பேசுவாரு."

"நடிகரா!" என்று அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இஸ்திரி போடுறவரு அத்தான்."

அக்கா தங்கையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். அதுக்குள்ள உன் ஆளு வாயைத் திறந்து நேராச் சொன்னா சரி. இல்லேன்னா வாத்தியார் ஞாயித்துக்கிழமை வர்றாரு" என்றாள். அக்கா நல்லதுக்குத்தான் சொன்னாள். அதுதான் கறைக்காரிக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்த வாத்தியார் நிஜமாகவே நல்ல மனுஷனாக இருந்து தொலைத்தால், வேண்டாம் என்று சொல்லக் காரணம்கூடக் கிடைக்காது.

புதன்கிழமை வந்தது வேறு வினை. முதலாளியம்மாவின் மருமகன் தன் வீட்டுக்குப் பெரிய டிவி வாங்கிவிட்டு, பழையதை மாமியார் கடைக்குப் பரிசாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பழையது என்றாலும் புத்தம் புதிது மாதிரி இருந்தது, முக்கியமாகச் சத்தம் வந்தது. தானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினான். மாட்டிவிட்டுப் போயிருந்தாலாவது பரவாயில்லை. "நீங்கள்லாம் சந்தோஷமாப் பார்க்கிறதைப் பார்த்துட்டுத்தான் போவேன் அத்தை" என்று ஒரு மூட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். பெண்ணைக் கொடுத்த இடம். முதலாளியம்மாவால் என்ன சொல்ல முடியும்? நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மணி அடித்தது.

அன்றைக்கு வந்தது அவர்களுக்கு மிகப் பிடித்த காட்சி. நெட்டையன் வண்ணத்தாளில் சுற்றிய ஒரு குடையைக் கண்ணாடியிடம் நீட்டுவான். போன சுற்றில் இந்த இடத்தில் இஸ்திரி, "இது ஒருத்தர் பிடிக்கிற குடை இல்ல, ரெண்டு பேருக்கான குடை" என்று சொல்ல, வேன்காரர் விசில் அடித்திருந்தார்.

கண்ணாடி குடையை வாங்கிக்கொண்டு, கணீரென்ற நிஜக் குரலில் சொன்னாள்: "தேங்க்ஸ் அண்ணா! அம்மா உன்னை ஃபோன் பண்ணச் சொன்னாங்க."

வேன்காரர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"நான் பண்றேன்னு சொல்லு. மாப்பிள்ளை எங்கே?" என்றான் நெட்டையன். எண்ணெய் காணாத கதவு பேசியது மாதிரி ஒரு குரல். அவன் கேட்டு வாய் மூடுவதற்குள் மீசைக்காரன் உள்ளே வந்தான். கண்ணாடி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, அண்ணன் என்ன கொடுத்திருக்கான் பாருங்க!" என்றாள்.

"மாப்பிள்ளையா!" வேன்காரர் துள்ளி எழுந்ததில் டப்பா உருண்டது. "நான்தான் புருஷனா? நான்தான் ஹீரோவா? அடப்பாவிகளா, இத்தனை நாளா என்னை வில்லனாக்கி இரும வேற வச்சீங்களே!"

முதலாளியம்மா மூட்டையிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் சொட்டை மேனேஜர் திரைக்கு வந்து, ஈனக் குரலில், "எல்லாரும் தயவுசெஞ்சு கொஞ்சம் வேலை பாருங்களேன்" என்று கெஞ்சியபோது இன்னும் மோசமாயிற்று. மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல காமெடி இல்ல அத்தை?" என்று பெருமையோடு கேட்டான். கறைக்காரியும் வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒரு அண்ணனையும் தங்கையையும் பிடித்துவைத்து இத்தனை காலம் எப்படியெல்லாம் கொஞ்ச விட்டிருக்கிறோம்! சிரித்துக்கொண்டே திரும்பியபோதுதான் பார்த்தாள். இஸ்திரியின் இடம் காலியாக இருந்தது. பாதி சாப்பிட்ட டப்பா மட்டும் மூட்டைமேல் திறந்து கிடந்தது.

அன்றிலிருந்து மனிதர் மதியம் அந்தப் பக்கமே வரவில்லை. பாய்லர் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். "ம்", "சரி" எல்லாம் போய் வெறும் தலையாட்டல் ஆகிவிட்டது. வியாழக்கிழமை அவள் போய், "என்ன, சாப்பிட அங்க வரலையா?" என்று கேட்டாள். "வேலை" என்றார். மேசையில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தான் பொத்திப் பொத்திச் சொன்னதையெல்லாம் ஓர் அண்ணன் வாயில் வைத்துவிட்டோமே என்ற அவமானம் அவருக்கு. அது அவளுக்குப் புரிந்தது. அவரைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆணியில் தொங்கிய தன் ஏப்ரனை எடுக்கப் போனவள் கையை நிறுத்தினாள். ஒவ்வொரு சாயங்காலமும் அதை ஈரமும் சுருக்கமுமாக அந்த ஆணியில் வீசிவிட்டுப் போவாள். ஒவ்வொரு காலையும் அது மடிப்புக் கலையாமல் விறைப்பாகத் தொங்கும். எல்லாருடைய ஏப்ரனுக்கும் அப்படித்தான் நடக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பக்கத்து ஆணியில் வேன்காரருடையது மாடு மென்று துப்பியது மாதிரி தொங்கியது. முதலாளியம்மாவுடையதும் அப்படியே. அவளுடையதை எடுத்துப் பார்த்தாள். நாடா, ஓரம், பாக்கெட்டின் உள்பக்கம்கூட இஸ்திரி போட்டிருந்தது. ஏப்ரன் பாக்கெட்டின் உள்பக்கத்தை யாராவது தேய்ப்பார்களா? இதையும் நெட்டையன்தான் செய்தான் என்று சொல்லிவிட முடியுமா? அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அதை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பாட்டுப் பாடியபடி வேலை செய்தாள். ஒரு பட்டுத் துணியில் இருந்த மைக் கறை அன்று சொன்ன பேச்சைக் கேட்டது.

சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தொடர் தொடங்கியதும் கறைக்காரி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடைத்தாள். சேனல்காரர்கள் தயவில், பார்வையாளர் விருப்பம் என்று அதே குடைக் காட்சியைத் திரும்பவும் போட்டார்கள்.

"நல்ல வேலை செஞ்சே" என்றார் முதலாளியம்மா. "அந்தச் சொட்டை நிஜத்துல இவ்வளவு கோழைன்னு தெரிஞ்சதிலிருந்து என்னால வெளியில தலை காட்டவே முடியல. ஆமா, நெட்டைக்கு யாரு பேசுறது?"

வேன்காரர் எழுந்து பாய்லர் அறைக்குள் போனார். உள்ளே ஏதோ இழுபறி கேட்டது. பிறகு இஸ்திரியைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து மூட்டைமேல் அழுத்தி உட்கார வைத்தார். "ஆளில்லாம ஒரு வாய் அங்க அநாதையாத் திறந்து திறந்து மூடுதுய்யா. பார்க்கச் சகிக்கல. வந்து பேசு."

திரையில் நெட்டையன் குடையை நீட்டினான். கண்ணாடி வாங்கினாள். அவளுடைய உதடு அசைந்தது.

"ரொம்ப நாளா என்னமோ சொல்ல வர்றீங்க" என்றாள் கறைக்காரி, திரையைப் பார்த்தபடியே. "சொல்லாமலே போயிடுறீங்க. இன்னைக்காவது சொல்லுங்களேன்."

நெட்டையன் வாயைத் திறந்தான். மூடினான். திரும்பத் திறந்தான். ஒரு வார்த்தை வரவில்லை. அந்த அறையில் ஒரு வாய் இப்படிச் சும்மா அசைந்தது அதுதான் முதல் தடவை. வேன்காரருக்குத் தாங்கவில்லை. பதறிப்போய், "எனக்குப் பசிக்குது!" என்று நெட்டைக்குக் குரல் கொடுத்துப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

இஸ்திரி எழுந்து நின்றார்.

"அவன் அவங்களுக்கு அண்ணன்" என்றார்.

"அதான் தெரியுமேய்யா" என்றார் வேன்காரர்.

"இனிமே அவன் வாயில நான் பேசக் கூடாது. தப்பு." கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இல்லாத துணியின் சுருக்கத்தை வயிற்றுக்கு நேராக நீவிக்கொண்டிருந்தார். பிறகு இத்தனை காலத்தில் முதல் தடவையாக டிவியைப் பார்க்காமல் கறைக்காரியைப் பார்த்தார். "மழையில குடையோட பின்னாடி வந்தது நான். அவன் இல்ல. வினிகர் வாசனை சொன்னதும் நான்தான். அவன் பேசுனது எல்லாமே நான் உங்ககிட்ட சொல்ல நினைச்சது. பக்கத்துல வந்தா நாக்கு ஒட்டிக்குது, அதனால அவன் தலையில கட்டிட்டேன். இப்ப அவனும் இல்ல." மூச்சு வாங்கியது. மூன்று வார்த்தைக்கு மேல் தாண்டாத மனிதருக்கு இதுவே பெரிய பயணம். "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா? உடனே சொல்ல வேண்டாம். யோசிச்சுச் சொன்னாப் போதும்."

கறைக்காரி வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. பிறந்து முதல் அழுகைக்குப் பிறகு அவள் வாய் இப்படிக் கைவிட்டதே இல்லை. எத்தனை ராத்திரி இந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்து வைத்திருப்பாள்! கேலியாக ஒரு பதில், கோபமாக ஒன்று, கண்ணீரோடு ஒன்று. எல்லாம் தொண்டையில் ஒரே நேரத்தில் வந்து நெருக்கி அடைத்துக்கொண்டன. உதடு மட்டும் அசைந்தது. மூவரும் அவளையே பார்த்தார்கள்.

இஸ்திரி அவளுடைய உதட்டைக் கவனித்தார். சத்தமில்லாத வாயில் சொல் எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. மெதுவாக, அந்தக் கனமான, இதமான குரலில் சொன்னார்:

"'இதைக் கேக்க இத்தனை நாளா'ன்னு சொல்றாங்க."

அவள் தலையாட்டினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. உதடு மறுபடி அசைந்தது.

"'எனக்குச் சம்மதம்'னு..." இஸ்திரியின் குரல் உடைந்துவிட்டது. மூட்டைமேல் உட்கார்ந்தார். "சம்மதம்னு சொல்றாங்க."

முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். வேன்காரர் மட்டும் சந்தேகத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடையில் அவர் லீவு விஷயத்தில் பட்ட அனுபவம் அப்படி.

"யோவ், இருய்யா இரு. இதை அவ சொன்னாளா, இல்ல நீயாச் சொல்லிக்கிட்டியா?"

"அதானே" என்று முதலாளியம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். டிவியில் நெட்டையும் கண்ணாடியும் மீசையும் பேசுவார் இல்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி தலை நிமிரவில்லை.

கறைக்காரி தொண்டையைச் செருமினாள். குரல் வந்துவிட்டது. முன்னால் கவுண்டரில் சட்டை வாங்கக் காத்திருந்தவருக்கும் கேட்கிற மாதிரி, வேண்டியதைவிடப் பெரிதாகவே வந்தது.

"நான்தான் சொன்னேன்!"